வெல்டிங் மின்னாக்கி: கோளாறு எஞ்சினிலா, மின்பகுதியிலா?

மின்கம்பங்கள் எட்டாத இடத்தில் இரும்போடு இரும்பை இணைக்க வேண்டிய பணி நம் நாட்டில் நாள்தோறும் நிகழ்வது. ஆற்றுப்பாலத்தின் உத்தரம், கால்வாய் மதகின் பலகை, குடிநீர் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய் ஆகியவற்றைப் பணிமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. பணிமனையே அவற்றை நாடிச் செல்லுதல் வேண்டும். அதற்காக அமைந்ததே, எஞ்சினும் மின்னாக்கியும் ஒரே சட்டத்தில் பூட்டப்பெற்ற வெல்டிங் ஜெனரேட்டர். சிறு வண்டியின் மீதோ லாரியின் பின்தட்டிலோ இதனை ஏற்றிச் செல்லலாம். ஒருபுறம் வெல்டிங்குக்குரிய மின்னோட்டத்தையும், மறுபுறம் துளைக்கருவி, சாணைக்கருவி, விளக்கு ஆகியவற்றுக்குரிய 230 வோல்ட் மின்சாரத்தையும் இது தருகிறது. ஆகவே இஃது ஒன்று நின்றால் வேலையிடம் முழுவதும் நின்றுவிடும்.

கால்வாய் மதகு ஒன்றைச் செப்பனிடும் பணியில் இக்கட்டுரையாளர் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுவது பொருந்தும். நீர் திறந்துவிடும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. வெல்டிங் குச்சியோ இரும்பில் ஒட்டிக்கொள்கிறதேயன்றி உருகி ஓடவில்லை. “கரண்டு போதவில்லை” என்று கூறிய உதவியாளர் எஞ்சினின் கவர்னர் திருகைச் சற்றே முறுக்கினார். எஞ்சினின் ஓசை உயர்ந்தது. வெல்டிங்கும் ஓரளவு மேம்பட்டதுபோல் தோன்றிற்று. கால்மணி நேரத்திற்குள், மறுபுறத்துச் சாக்கெட்டில் மாட்டியிருந்த துளைக்கருவி புகைந்து நின்றது. பின்னர் மின்னாக்கியின் உறை கழற்றப்பட்டது. நல்ல நிலையிலிருந்த கார்பன் பிரஷ்கள் மாற்றப்பட்டன. மாலை வரை பயன் ஒன்றும் விளையவில்லை. உண்மையான குறை எங்கிருந்தது என்பதைப் பின்னர் உரிய இடத்தில் காண்போம்.

இத்தகைய தவறு திறமையற்றவர்க்கு மட்டுமே நேர்வதன்று. இரண்டு எந்திரங்கள் ஓர் அச்சில் இணைந்து சுழல்வதால், ஒன்றன் நோய் மற்றதன் நோயைப்போலத் தோன்றுகிறது. எஞ்சின் தளர்ந்தால் மின்னழுத்தம் விழும். மின்பகுதியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் எஞ்சின் முனகும். எனவே, திருகுளியைக் கையிலெடுக்கும் முன்னர், நோய் எந்தப் பாதியில் உள்ளது என்று தீர்மானித்தல் வேண்டும். அதற்குரிய கருவி நம் காது ஆகும்.

அமைப்பும் அளவுகளும்

இங்கு நாம் எடுத்துக்கொள்வது, களத்தில் மிகுதியாகக் காணப்படும் பெட்ரோல் எஞ்சின் வகை. எஞ்சினின் அச்சு, மின்னாக்கியின் ரோட்டரைச் சுழற்றுகிறது. ரோட்டரிலுள்ள கம்பிச்சுருளில் சிறிதளவு நேர்மின்னோட்டம் பாய்ந்து அதனைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் சுழலும்போது, சுற்றிலும் அசையாது நிற்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மின்னழுத்தம் பிறக்கிறது. இரண்டு காந்தமுனைகளைக் கொண்ட ரோட்டர், நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணுள்ள மின்சாரம் கிடைக்கும். நான்கு முனைகளாயின் 1,500 சுற்றுகளே போதும். வேகமும் அலைவெண்ணும் இவ்வாறு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளன என்பதை மனத்திற்கொள்க. அலைவெண் காட்டும் மீட்டர் ஒன்று கையிலிருந்தால் எஞ்சினின் வேகத்தை அளக்கத் தனிக்கருவி வேண்டியதில்லை.

வெல்டிங்குக்குரிய சுருளிலிருந்து வரும் மின்சாரம், ரெக்டிஃபையர் வழியே சென்று நேர்மின்னோட்டமாக மாறி வெளிவருகிறது. குச்சி இரும்பைத் தொடாதபோது முனைகளுக்கிடையே பொதுவாக 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். மின்வில் எரியத் தொடங்கியதும் அது 20, 25 வோல்ட்டாக இறங்கும்.

3.15 மில்லிமீட்டர் குச்சி ஒன்று 120 ஆம்பியரில் எரிகிறது எனக் கொள்வோம். மின்வில்லின் அழுத்தம் 25 வோல்ட். இவற்றைப் பெருக்கினால் 3,000 வாட், அதாவது 3 கிலோவாட் ஆற்றல் மின்வில்லில் செலவாகிறது. மின்னாக்கியிலும் ரெக்டிஃபையரிலும் கேபிளிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால், எஞ்சின் ஏறத்தாழ 5 கிலோவாட், அதாவது 7 குதிரைத்திறன் அளவுக்கு உழைத்தாக வேண்டும். குச்சி இரும்பைத் தீண்டும் அக்கணத்தில் இச்சுமை முழுவதும் எஞ்சினின் தலைமேல் விழுகிறது. அவ்வேளையில் அது எழுப்பும் ஓசையே நமக்கு முதற்சான்று.

முதற்சோதனை

எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பின், முழுவேகத்தில் நிறுத்துக. ஒருவர் பழைய தகட்டின்மீது வெல்டிங் செய்யட்டும். மற்றொருவர் சற்று விலகி, ஓசையை மட்டும் கேட்கட்டும்.

நலமுள்ள எந்திரத்தில், மின்வில் பிறந்ததும் ஓசை ஒருகணம் தாழும். உடனே கவர்னர் திராட்டிலைத் திறப்பதால் கனத்த, ஆனால் சீரான ஓசையாக அது மீளும். வேகம் தாழ்ந்து, மீளாமல், எஞ்சின் திணறிக்கொண்டே இருந்தால், எஞ்சின் தன் ஆற்றலை இழந்திருக்கிறது; அல்லது அதன் ஆற்றலுக்கு மீறிய சுமையை நாம் ஏற்றியிருக்கிறோம். வெல்டிங் நடக்கையிலேயே 2,000 வாட் சாணைக்கருவியையும் ஓட்டுவது இத்தகைய மீறிய சுமையாகும். இதைக் கோளாறெனக் கொண்டு எந்திரத்தைப் பிரித்தவர் பலர்.

மின்வில் மெலிந்திருக்க, எஞ்சினின் ஓசையோ சிறிதும் மாறாமல் இலேசாக ஓடிக்கொண்டிருந்தால், எஞ்சினைத் தொட வேண்டா. சுமையே அதனை வந்தடையவில்லை. குறை மின்னாக்கியிலோ அதற்கு அப்பாலோ உள்ளது.

மூன்றாவது வகை அரிதாயினும் ஆபத்தானது. குச்சி எதையும் தொடவில்லை. சாக்கெட்டில் எதுவும் மாட்டப்படவில்லை. எனினும் எஞ்சின் சுமையேறியதுபோல் முனகுகிறது. ரெக்டிஃபையரில் ஒரு டையோடு குறுக்குச்சுற்றாகிவிட்டது, அல்லது ஸ்டேட்டர் சுருளுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்பதே இதன் பொருள். எரிந்த வார்னிஷின் மணமும் உடன் வரும். உடனே எஞ்சினை நிறுத்திவிடுதல் வேண்டும்; “இன்னும் சற்று ஓடட்டும், பார்ப்போம்” என்பது சுருளைச் சாம்பலாக்கும் வழி.

கிளம்பாத எஞ்சின்

எஞ்சின் கிளம்பவே மறுத்தால் மேற்கூறிய சோதனைக்கு இடமில்லை. அப்போது எரிபொருள், தீப்பொறி, காற்று, அமுக்கம் என்னும் நான்கையும் முறையே பார்ப்பது வழக்கம். ஆயின் களத்தில் இந்நான்கிற்கும் முன்னதாகப் பார்க்க வேண்டுவது ஒன்று உண்டு. இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில், எண்ணெய் மட்டம் குறைந்தால் தீப்பொறியைத் தடுத்து நிறுத்திவிடும் சுவிட்சு ஒன்று அடிப்பெட்டியில் அமைந்துள்ளது. வண்டி கரைச்சரிவில் சாய்ந்து நிற்கும்போது, எண்ணெய் போதிய அளவு இருப்பினும் அஃது ஒருபுறம் ஒதுங்கிவிடுவதால், சுவிட்சு ஏமாந்துவிடுகிறது. பிளக்கில் தீப்பொறி இல்லை எனக் கண்டவர் புது பிளக் மாற்றுகிறார்; பின் இக்னிஷன் காயிலை மாற்றுகிறார். வண்டியைச் சமதளத்திற்கு இழுத்து நிறுத்தி, எண்ணெய்க்கோலால் மட்டம் பார்ப்பதே முதல் வேலை.

அடுத்து எரிபொருள். 2025 முதல் நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் ஓடாது கிடக்கும் ஜெனரேட்டரின் தொட்டியில், ஈரம் ஓர் அளவைக் கடந்ததும், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்கு எரிபொருள் செல்வது தொட்டியின் அடியிலிருந்தேயாதலால், எஞ்சினுக்குக் கிடைப்பது எரியாத அடிநீரே. ஒரு கண்ணாடிப் புட்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகைத் தளர்த்திச் சிறிது பிடித்து, அசையாமல் வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெளிவாகத் தெரியும். அவ்வாறு தெரிந்தால் தொட்டியை முழுதும் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுவதன்றி வேறு வழியில்லை. பழைய எந்திரங்களின் ரப்பர்க் குழாய்களும் இக்கலவையால் ஊறி நைந்து, துகள் துகளாகக் கார்புரேட்டரை அடைப்பதுண்டு. எந்திரத்தை ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்தி வைப்பதாயின், எரிபொருள் அடைப்பானை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நன்று.

எரிபொருளும் எண்ணெயும் செவ்வையாயின், பிளக்கைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை, எஞ்சினின் உள்ளே நடப்பதைக் காட்டும் சாளரம். இளம் பழுப்பு நிறமாயின் எரிதல் நன்கு நடைபெறுகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, அல்லது காற்று குறைவு. எண்ணெய் வழியும் கருமை, பிஸ்டன் வளையம் தேய்ந்ததன் அடையாளம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாக வந்து, எஞ்சின் மிகச் சூடாகியிருக்கிறது. முனைகளின் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். எனினும் எந்திரத்தின் கையேட்டில் கண்ட அளவே முடிவானது. தீப்பொறியைச் சோதிக்கும்போது, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, பிளக்குத் துளையிலிருந்து விலகி நின்று சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

டீசல் எஞ்சினாயின் பிளக் இல்லை. அங்குக் கிளம்பாமைக்குப் பெருங்காரணம் எரிபொருள் குழாயில் காற்றுப் புகுதல். வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, நுரை அற்று எண்ணெய் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடித்தால் போதும்.

ஓடி நிற்பதும், ஏறி இறங்குவதும்

எஞ்சின் நன்கு கிளம்பி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, பின் பசித்ததுபோல் தளர்ந்து நின்றுவிடும். சற்று நேரம் கழித்து முயன்றால் மீண்டும் கிளம்பும். இதனைக் கண்டால் முதலில் தொட்டியின் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்க. மூடியிலுள்ள மூச்சுத்துளை தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் தோன்றி, மேலும் இறங்காமல் தடுத்துவிடும். ஓர் ஊசி கொண்டு தீர்க்கத்தக்க இக்குறைக்காகக் கார்புரேட்டர் முழுதும் பிரிக்கப்பட்டது உண்டு.

சுமையின்றி ஓடும்போதே எஞ்சினின் ஓசை தாளம்போட்டதுபோல் ஏறி இறங்குவது மற்றொரு நோய். பெரும்பாலோர் கவர்னரைக் குற்றம் சொல்வர். சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பார்க்க. ஓசை சீரானால் கவர்னர் குற்றமற்றது. கார்புரேட்டரின் சிறுதுளை அடைபட்டு, பெட்ரோல் குறைவாக வருகிறது. எஞ்சின் தளர்வதும் கவர்னர் திறப்பதும், வேகம் மிகுவதும் கவர்னர் மூடுவதுமாக இருவரும் ஒருவரை ஒருவர் துரத்துகின்றனர். அத்துளையை இதற்குரிய திரவத்தாலும் அழுத்தக் காற்றாலும் தூய்மை செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, மீளாத குறையாகிவிடும்.

சுமையில் தளரும் எஞ்சின்

காற்று வடிகட்டியே இங்கு முதற்குற்றவாளி. சாணைக்கருவியின் தூளும் கரைமண்ணும் பறக்கும் இடத்தில் ஒரு நாளில் அஃது அடைபடக்கூடும். வடிகட்டியை நீக்கி ஓட்டுவது சிலர் வழக்கம். அதனால் அன்றைய வேலை முடியும், எஞ்சினும் விரைவில் முடியும். பாதி மூடிய சோக், தேய்ந்த டாப்பெட் இடைவெளி, கவர்னர் கைப்பிடி அச்சில் நழுவியிருத்தல் ஆகியவற்றையும் வரிசையாகப் பார்க்க.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று மட்டும் இயங்காதிருப்பதை எளிதில் அறியலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஒரு நிமிடம் கழித்து, இரு புகைக்குழாய்களின் தொடக்கத்திலும் ஒரு துளி நீர் தெளிக்க. இயங்கும் சிலிண்டரின் குழாயில் நீர் சீறிப் பறக்கும், இயங்காததில் வழிந்தோடும். சுமையின்றி ஓடும்போது ஒரு சிலிண்டரே போதுமாதலால், இக்குறை வெல்டிங் தொடங்கும்வரை வெளிப்படுவதே இல்லை.

ஒரு குறையுமில்லாத எஞ்சினும் தளரும் இடம் ஒன்று உண்டு, அது மலை. 1960-இல் தோற்றுவிக்கப்பெற்ற எல்லைச் சாலைகள் அமைப்பு, லடாக்கின் சாலைகளிலும் பாலங்களிலும் பணிபுரிகிறது. லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் சுமார் 70 சதவிகிதமே. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்திற்கும் பெட்ரோல் எஞ்சினின் ஆற்றல் 3 முதல் 3.5 சதவிகிதம் குறையும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. ஆகவே சமவெளியில் 9 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கு ஏறத்தாழ 6 மட்டுமே தரும். நாம் மேலே கணக்கிட்ட 3.15 மில்லிமீட்டர் குச்சிக்கோ 7 வேண்டும். அங்குச் சென்று, “ஊரில் நன்றாக ஓடிய எந்திரம் வழியில் கெட்டுவிட்டது” என்று பிரிப்பதால் பயனில்லை. 2.5 மில்லிமீட்டர் குச்சியை 80 ஆம்பியரில் எரித்தால் மின்வில்லுக்கு 2 கிலோவாட்டுக்கும் குறைவாகவே தேவைப்படும்; இருமுறை ஓட்ட வேண்டியிருப்பினும் இணைப்பு உறுதியாக அமையும். காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாதிருப்பதால் பிளக் கரிபடியும். உயர்நிலத்திற்கென அமைந்த சிறிய ஜெட் இருப்பின் அதனை மாற்றிப் பொருத்துக. சமவெளிக்கு இறங்கியதும் பழையதைத் திரும்பப் பொருத்தத் தவறினால், எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் சூடேறிக் கெடும்.

குளிருக்கும் மழைக்கும் அஞ்சிச் சிலர் கொட்டகைக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ எஞ்சினை ஓட்டுகின்றனர். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியாகத் தொடங்கி உயிரைக் கவர்ந்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணற்க. எஞ்சின் வெளியில்தான் ஓட வேண்டும்.

எஞ்சின் நலம், மின்சாரம் இல்லை

எஞ்சின் சீராக ஓடியும் வெல்டிங் மெலிந்திருந்தால், முதலில் 230 வோல்ட் சாக்கெட்டை மீட்டரால் அளந்து பார்க்க. சாக்கெட்டிலும் வெல்டிங் முனையிலும் ஒருங்கே மின்சாரம் இல்லையாயின், இரண்டுக்கும் பொதுவான ரோட்டரின் காந்தம் இல்லை. சாக்கெட்டில் நிறைவாக இருந்து வெல்டிங் முனையில் இல்லையாயின் ரோட்டர் குற்றமற்றது. வெல்டிங் சுருள், ரெக்டிஃபையர், மின்னோட்ட அளவைத் தெரிந்தெடுக்கும் சுவிட்சு ஆகியவற்றில் தேடுக. சுவிட்சின் ஒரு நிலையில் மட்டும் மின்வில் அற்றுப்போவதாயின் சுவிட்சின் தொடுமுனையே தீய்ந்துள்ளது. வெல்டிங் நடக்கையிலேயே அதனைத் திருப்பியதன் விளைவு அது. வெல்டிங் முனையில் இருந்து சாக்கெட்டில் மட்டும் இல்லையாயின் பெரும்பாலும் பிரேக்கர் இறங்கியிருக்கும்.

சில எந்திரங்களில், வேலையில்லாதபோது வேகத்தைத் தானே குறைத்து, குச்சி தொட்டதும் வேகத்தை உயர்த்தும் ஐட்லர் அமைப்பு உண்டு. அது கெட்டால் எஞ்சின் மெதுவோட்டத்திலேயே நின்றுவிட, மின்வில் பிறந்து பிறந்து இறக்கும். ஐட்லர் சுவிட்சை முழுவேக நிலையில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

ரோட்டரில் காந்தம் தோன்றாமைக்குக் காரணம் யாது? மின்னாக்கி தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ரோட்டரின் இரும்பில் முன்பு தங்கிய சிறிதளவு எச்சக் காந்தம் சிறிதளவு மின்சாரத்தைப் பிறப்பிக்க, அம்மின்சாரம் ரோட்டருக்கே திரும்பிக் காந்தத்தைப் பெருக்க, இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து நிறைநிலை எய்தும். ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸும், இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் 1867-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தனித்தனியே அறிஞர் அவைகளின்முன் வெளியிட்ட தத்துவம் இதுவே. நெடுநாள் ஓடாதிருத்தல், வழியில் ஓயாத அதிர்ச்சி, சுமையுடனேயே எஞ்சினை நிறுத்துதல் ஆகியவற்றால் எச்சக் காந்தம் மறைவதுண்டு. விதை நெல் இல்லாமல் விளைச்சல் ஏது? எஞ்சினை நிறுத்தி, பிரஷ்களுக்கு வரும் இரு கம்பிகளையும் கழற்றி, 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை நேர்ப் பிரஷிலும் எதிர்முனையை எதிர்ப் பிரஷிலும் சில வினாடி தொட்டு எடுத்தால் காந்தம் மீண்டும் தங்கும். கம்பிகளைக் கழற்றாமலோ முனை மாற்றியோ செய்தால் மின்னழுத்தச் சீராக்கி எரிந்துபோகும். ஆகவே எந்திரத்தின் கையேட்டில் இம்முறைக்கு இடமுண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்க.

காந்தம் ஊட்டியும் மின்சாரம் வரவில்லையாயின், பிரஷ்களைக் கவனிக்க. அவை தேய்ந்து, வில்லின் அழுத்தம் ஸ்லிப் ரிங்கை எட்டாதிருக்கலாம். அல்லது மழைக்காலத்தில் ரிங்கின்மீது கறுத்த படலம் மூடியிருக்கலாம். மிக மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, தூளை ஊதிவிடுக. பின்னர் இரு ரிங்குகளுக்கிடையே ரோட்டரின் தடையை அளந்து, கையேட்டிலுள்ள அளவுடன் ஒப்பிடுக. எல்லையற்ற தடையாயின் சுருள் அறுந்துள்ளது; அச்சுக்கும் ரிங்குக்கும் இடையே மின்தொடர்பு இருந்தால் காப்பு கெட்டுள்ளது. காப்பைச் சோதிக்க மெக்கரைப் பயன்படுத்துவோர், சீராக்கியையும் ரெக்டிஃபையரையும் முதலில் கழற்றிவிடல் வேண்டும். மெக்கரின் 500 வோல்ட், நலமுள்ள டையோடையும் கொன்றுவிடும். பிரஷ் இல்லாத வகையில் கண்டென்சர் ஒன்று அப்பணியைச் செய்கிறது. அது எஞ்சின் நின்ற பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். அதைத் தடை வழியாக வெளியேற்றாமல் தொடற்க.

ரெக்டிஃபையரின் டையோடை மல்டிமீட்டரால் அளந்தால், ஒருபுறம் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டி, மறுபுறம் ஒன்றும் காட்டாதிருத்தல் வேண்டும். இருபுறமும் சுழியாயின் குறுக்குச்சுற்று. இருபுறமும் ஒன்றும் காட்டவில்லையாயின் அறுந்தது.

கேபிளும் எர்த்தும்

மதகில் நிகழ்ந்ததற்கு இனி வருவோம். அங்கு எஞ்சினின் ஓசை, குச்சி தொட்டபோதும் பெரிதாக மாறவில்லை. ஆகவே எஞ்சின் குற்றமற்றது. கவர்னரைத் திருகும் முன்னர் சாக்கெட்டில் 230 வோல்ட் சரியாக இருந்தது; ஆகவே ரோட்டரும் குற்றமற்றது. வெல்டிங் முனையில், தொடாத நிலையில் அழுத்தம் நிறைவாக இருந்தது. எஞ்சியது கேபிள் ஒன்றே. மறுநாட்காலையில், வெல்டிங் நடக்கும்போது எந்திரத்தின் எர்த் முனைக்கும் மதகின் இரும்புக்கும் இடையே மீட்டரை வைத்தோம். எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. எர்த் கிளாம்பின் ரப்பர் உறையை அறுத்தபோது, உள்ளே செப்புக் கம்பிகளுட் பெரும்பாலானவை பச்சை பூத்து அறுந்திருந்தன. புதிய லக் அழுத்திப் பொருத்த அரைமணி நேரமும் ஆகவில்லை.

கேபிளில் எவ்வளவு இழப்பு இயல்பானது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள், போக 30 மீட்டர், வர 30 மீட்டர் எனக் கொண்டால் அதன் தடை ஏறத்தாழ 0.03 ஓம். 120 ஆம்பியரில் இழக்கும் அழுத்தம் 3.6 வோல்ட். 25 வோல்ட் மின்வில்லுக்கு இதுவே சிறிதன்று. இதற்குமேல் ஒரு தளர்ந்த இணைப்பில் எட்டு வோல்ட் போனால், அவ்விடத்தில் மட்டும் சுமார் 1,000 வாட் வெப்பமாகிறது. ஆகையால் சில நிமிடம் வெல்டிங் செய்து, எஞ்சினை நிறுத்தி, புறங்கையை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் கொண்டுசென்றால், குற்றவாளி தானே வெப்பத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எர்த் கிளாம்பை வண்ணத்தின்மீதோ துருவின்மீதோ மாட்டாமல், தேய்த்து ஒளிர்ந்த இரும்பில் மாட்டுக.

கவர்னர் திருகைப்பற்றி ஒரு சொல். 3,000 சுற்றில் 230 வோல்ட் தரும் எளிய மின்னாக்கியை 3,400 சுற்றில் ஓட்டினால் அலைவெண் 57 ஹெர்ட்ஸை நெருங்கும். மின்னழுத்தம் 260 வோல்ட்டைக் கடக்கும். துளைக்கருவி எரிந்தது அதனால்தான். சுமையின்றி 52 ஹெர்ட்ஸை ஒட்டியும், முழுச்சுமையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்குமாறு அமைப்பது பொதுவழக்கம். மீட்டர் இல்லாமல் அத்திருகைத் தொடுதல் கூடாது.

ஆசிரியர்களுக்கு

தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்துவது போதாது. நலமுள்ள ஜெனரேட்டர் ஒன்றைத் திறந்தவெளியில் நிறுத்தி, மாணவரை எந்திரத்திற்கு முதுகு காட்டி நிற்கச் செய்க. முதலில் 1,000 வாட் மின்அடுப்பு ஒன்றையும், பின்னர் இரண்டையும் சாக்கெட்டில் மாட்டி, ஓசை எவ்வாறு கனக்கிறது என்பதைக் கேட்கச் செய்க. அடுத்து அவர்கள் அறியாமல் மூன்று குறைகளை ஒவ்வொன்றாக ஏற்படுத்துக. காற்று வடிகட்டியின் வாயிலை அட்டையால் பாதி மூடி வெல்டிங் செய்தல் ஒன்று. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிரஷின் கம்பியைக் கழற்றி, முனையை நாடாவால் சுற்றி, மீண்டும் கிளப்புதல் மற்றொன்று. எர்த் கிளாம்பின் அடியில், ஓரிடத்தில் மட்டும் வண்ணம் சுரண்டிய தகட்டை வைத்தல் மூன்றாவது. ஒவ்வொரு முறையும், “எஞ்சினா, மின்னாக்கியா, கேபிளா?” என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தரட்டும், விடையைச் சொல்வதற்கு முன் காரணத்தையும் எழுதச் சொல்லுக. முதல்நாளில் மூன்றாவது குறையைப் பெரும்பாலோர் மின்னாக்கியின்மேல் ஏற்றுவர். அடுத்த கிழமை அதே சோதனையைக் குறைகளின் வரிசையை மாற்றி நடத்தி, இரு தாள்களையும் அவர்கள் கையிலேயே கொடுத்து ஒப்பிடச் செய்யலாம்.